பச்சைப்பிள்ளையோடு முசிறிக்கு: எந்த மாதம், எந்த வழி

தம்பி கேட்டது ஒரே கேள்விதான். "அக்கா, பினாங்குல ஏறலாமா, இல்ல கோலாலம்பூர் ஏர்போர்ட், கேஎல்ஐஏவுக்கே போயிடலாமா?"

அவன் மகனுக்கு அன்றைக்கு முப்பத்து மூன்று நாள். முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுத் தொட்டில் போட்டாகிவிட்டது. தம்பி மனைவி திருச்சிப் பக்கத்து முசிறிப் பெண். கல்யாணமாகி மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அவருடைய அம்மா போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போது கைத்தடியோடு வீட்டுக்குள் மட்டும் நடக்கிறார். அவரால் இங்கே வர முடியாது. பேரனைச் சாயங்காலமானால் கைப்பேசியில் பார்க்கிறார். "ஒரு தடவ மடியில வச்சுக்கிட்டாப் போதும்மா" என்று அவர் சொல்லும்போது இந்தப் பக்கம் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தம்பியின் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. எந்த விமான நிலையம் என்று பார்ப்பதற்கு முன் எந்த மாதம் என்று பார்க்க வேண்டும். வழியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் உடம்பு அசதியோடு போய்விடும். மாதத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

என் மூத்த மகளை நாற்பத்தைந்தாம் நாள் தூக்கிக்கொண்டு போனேன். கணவர் வழி உறவில் ஒரு கல்யாணம், துறையூரில். விமானத்தில் குழந்தை அழவே இல்லை. எல்லாரும் பாராட்டினார்கள். கல்யாண வீட்டில் கை மாறிக் கை மாறிப் போனாள். நான்காம் நாள் விடியற்காலை பால் குடிக்க மாட்டேன் என்கிறாள், உடம்பு கொதிக்கிறது. வெப்பமானியில் 38.3 டிகிரி. பக்கத்து வீட்டு அம்மா, "காத்து கருப்பு, வேப்பிலை அடிச்சாப் போயிடும்" என்றார். நல்லவேளையாக என் நாத்தனார் கேட்கவில்லை. காரைப் பிடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்.

அங்கே மருத்துவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல் என்றால் அதைச் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த வயதில் லேசான கிருமியும் ரத்தத்தில் பரவும் கிருமியும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். நாற்பத்தொன்பது நாள் குழந்தையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முதுகில் ஊசி போட்டதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். மூன்று நாள் நரம்பு வழியே மருந்து ஏறியது. கடைசியில் பெரிதாக ஒன்றுமில்லை, வெறும் வைரஸ். அவர்கள் செய்தது சரியான வைத்தியம். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஈப்போ மருத்துவமனைக்குப் போயிருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள். ஆனால் ஈப்போ என்றால் என் அம்மா பக்கத்தில் இருந்திருப்பார், குழந்தையின் கிளினிக் புத்தகம் கையில் இருந்திருக்கும், வீடு அரை மணி நேரத்தில் இருந்திருக்கும்.

இதைத் தம்பியிடம் சொன்னபோது பெரியப்பா குறுக்கிட்டார். "எங்கம்மா ரஜுலா கப்பல்ல கைப்பிள்ளையோட வரலையா? நாலு மணி நேரத்துக்கு இவ்வளவு யோசனையா?" எங்கள் அப்பாயி ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். நாள்கணக்கில் தண்ணீர், அப்புறம் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம், அதற்கப்புறம்தான் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயம். பெரியப்பா சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அப்பாயி கப்பலேற்றிய பிள்ளைகள் இரண்டு, லயத்தில் வளர்ந்தது ஒன்று. இது பெரியப்பாவுக்கும் தெரியும். நான் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. பிழைக்காமல் போன அந்தப் பிள்ளை அவருக்கு முன்னால் பிறந்த அண்ணன்.

சரி, மாதத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் யோசனை, நாற்பது நாள் முடிந்ததும் கிளம்புவது. விமான நிறுவனங்களின் விதி இதற்குத் தடை சொல்லாது. பிறந்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகிவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்ளும், சில நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கும். உலகச் சுகாதார நிறுவனமும் முதல் 48 மணி நேரம் கூடாது, முதல் வாரம் கழிந்தபின் போவது நல்லது என்றுதான் சொல்கிறது. ஆனால் இவையெல்லாம் குழந்தையின் நுரையீரலும் ரத்த ஓட்டமும் அந்தக் காற்றழுத்தத்தைத் தாங்குமா என்பதற்கான கணக்கு. பக்கத்து இருக்கைக்காரரின் இருமலைத் தாங்குமா என்பது வேறு கணக்கு.

அந்த இரண்டாவது கணக்கு ஊசி அட்டவணையில் இருக்கிறது. நம் நாட்டில் பிறந்தவுடன் காசநோய்க்கான பிசிஜியும் ஹெபடைடிஸ் பி முதல் ஊசியும் போடுகிறார்கள். அதற்கப்புறம் 2 மாதம் வரை ஒன்றும் இல்லை. 2, 3, 5 மாதங்களில் ஆறு நோய்களுக்கு ஒரே ஊசி: தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, போலியோ, மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமி, ஹெபடைடிஸ் பி. நிமோனியாவுக்கான நிமோகோக்கல் ஊசி 4-ஆம் மாதமும் 6-ஆம் மாதமும். அம்மை ஊசி 9-ஆம் மாதம். இதில் எனக்குப் பெரிய பயம் கக்குவான்தான். பெரியவர்களுக்கு நீண்ட நாள் இருமலாகப் போய்விடும் அந்த நோய், இரண்டு மாதக் குழந்தைக்கு மூச்சையே நிறுத்திவிடும். நாற்பது நாளில் கிளம்பினால் அதற்கு எதிராகக் குழந்தையிடம் சொந்தப் பாதுகாப்பு ஒன்றும் இருக்காது. தாய் கர்ப்பத்தில் ஊசி போட்டிருந்தால் அது கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

தாயின் உடம்பையும் யாரும் பேசுவதில்லை. பிரசவம் ஆகி ஆறு வாரம் வரை காலில் ரத்தம் உறையும் ஆபத்து மற்ற நேரத்தைவிட அதிகம். வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுத்திருந்தால் இன்னும் அதிகம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் மடக்கி உட்கார்ந்திருப்பது அதைக் கூட்டும். நாற்பது நாள் பத்தியம், பச்சை உடம்பு என்று நம் பாட்டிமார் வைத்த கணக்கு ஏறக்குறைய இதே ஆறு வாரம்தான். தம்பி மனைவிக்கு அறுவைச் சிகிச்சைப் பிரசவம். அவர் இன்னும் எழுந்து உட்கார ஒரு கை கேட்கிறார்.

இரண்டாவது யோசனை, மூன்றாம் மாத ஊசி போட்டு, அது உடம்பில் வேலை செய்ய இரண்டு வாரம் விட்டு, மூன்றரை மாதத்தில் போவது. மூன்றாவது, ஆறு மாதம் கழித்து. நான்காவது, ஒரு வயது முடிந்து மொட்டை போட்டுக் காது குத்தக் குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது.

காத்திருக்கக் காத்திருக்க நல்லது என்றுதான் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஆறு மாதத்தில் கஞ்சி தொடங்கிவிடும். கஞ்சி என்றால் தண்ணீர், கிண்ணம், கரண்டி, வேகவைத்தது, ஆறவைத்தது என்று வயிற்றுப்போக்குக்கு வழி திறக்கும். மூன்றரை மாதக் குழந்தைக்குச் சாப்பாடும் தண்ணீரும் தாயிடம் மட்டும்தான். எந்த ஊர்த் தண்ணீரும் அதன் வாயில் படாது. அந்த வயதில் தலை நிற்கத் தொடங்கியிருக்கும், எடை ஆறு கிலோவைச் சுற்றி இருக்கும், இன்னும் தவழாது, மடியில் கிடக்கும். எட்டு ஒன்பது மாதம் ஆனால் மடியில் நிற்கும், குதிக்கும், முன்னிருக்கைக்காரர் முடியைப் பிடிக்கும், புது முகம் பார்த்தால் வீறிடும். பாட்டியிடம் போகவே மறுக்கும் வயது அது. மடியில் வைத்துக்கொள்ள ஏங்கும் பாட்டிக்கு அதைவிட வேதனை உண்டா?

ஒரு வயது வரை தள்ளுவது குழந்தைக்கு நல்லதாக இருக்கலாம், முசிறிப் பாட்டிக்கு நல்லதா என்று தெரியாது. எழுபது வயதுக்கு மேல் இடுப்பு முறிந்தவரிடம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்ல என்னால் முடியாது. அதனால் என் முடிவு மூன்றரை மாதம். தாய்ப்பால் இல்லாமல் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை என்றால் இந்தக் கணக்கில் ஒரு சாதகம் குறையும். கொதித்த தண்ணீர், கழுவிய புட்டி எல்லாம் சேர்ந்துவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பயணத்துக்கான வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக்கூடாது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். நுரையீரலில் அல்லது இதயத்தில் ஏதாவது குறை இருந்தால் நான் எழுதியது எதுவும் செல்லாது, மருத்துவர் பேச்சு மட்டும்தான்.

விமானத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழியைத் தேர்ந்தெடுக்க அது தேவை. பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் நிற்பதுபோல் வைத்திருப்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர். நம் கேமரன் மலையில் தானா ராத்தா அதைவிட நன்றாகக் கீழே. ஆக நான்கு மணி நேரம் ஊட்டியில் இருப்பதுபோல. நிறைமாதத்தில் பிறந்த, நோயில்லாத குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். காற்று மட்டும் நம் ஊர்க் காற்றுபோல் ஈரமாக இருக்காது, மிகவும் வறண்டிருக்கும். அதனால் அடிக்கடி பால் கொடுக்க வேண்டும்.

காது வலிப்பது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று வெளிக்காற்றோடு சமமாவதற்கு ஒரு சிறு குழாய் தொண்டையோடு இணைந்திருக்கிறது. விழுங்கும்போது அது திறக்கும். அதனால் தரை தொட அரை மணி நேரம் இருக்கும்போதே குழந்தை தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுங்கள், பால் வேண்டாமென்றால் சூப்பான். காதில் பஞ்சு வைப்பதால் ஒரு பயனும் இல்லை. பஞ்சு இருப்பது செவிப்பறைக்கு இந்தப் பக்கம், அழுத்தம் இருப்பது அந்தப் பக்கம். தூங்குவதற்கு இருமல் மருந்தை ஒரு சொட்டு ஊற்று என்று சொல்கிறவர்களும் உண்டு. கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். அந்த மருந்து கைக்குழந்தையின் மூச்சை மந்தமாக்கும்.

குழந்தைக்கு நோய் தொற்றுவது விமானத்தின் காற்றோட்டத்தால் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய விமானங்களில் காற்றை நுண்வடிகட்டி வழியே சுற்றவிடுகிறார்கள். தொற்றுவது பக்கத்தில் இருமுகிறவரிடமிருந்தும், வரிசையில் நின்று கன்னத்தைக் கிள்ளுகிறவரிடமிருந்தும்தான். ஆகவே சன்னலோர இருக்கையில் தாயும் பிள்ளையும், நடுவில் தகப்பன். நடைபாதை ஓரத்தில் குழந்தையை வைக்காதீர்கள்.

இப்போது தம்பியின் கேள்வி. சுங்கை சிப்புட்டிலிருந்து முசிறி போக மூன்று வழி.

ஒன்று, பினாங்கு. 2024 டிசம்பரில் இண்டிகோ பினாங்கு–சென்னை நேரடி விமானம் விட்டபோது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய சந்தோஷம். கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி, பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலத்தில் போனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் வந்துவிடும். முதல் பாலத்தில் போனால் பக்கத்திலேயே ஜெரஜாக் தீவு தெரியும். பெரியப்பா எப்போது போனாலும் அந்தப் பாலத்தில்தான் போகச் சொல்வார். விமான நிலையம் கைக்கு அடக்கமானது, நடை குறைவு. பச்சைப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் இதைவிடச் சுகமான வழி இல்லை.

ஆனால் இறங்குவது சென்னையில். அங்கிருந்து திருச்சிக்கு 330 கிலோமீட்டர், அதற்கப்புறம் காவிரிக் கரையோடு முசிறிக்கு இன்னும் 40. காரில் போனால் ஏழு மணி நேரம் ஆகிவிடும். வந்தே பாரத் ரயிலில் திருச்சிக்குச் சுமார் நான்கு மணி நேரம், ஆனால் அது விமான நேரத்துக்குக் காத்திருக்காது, எழும்பூர் போய் ஏற வேண்டும். உள்நாட்டு விமானம் ஒரு மணி நேரம்தான், ஆனால் இன்னொரு தடவை ஏறி இறங்க வேண்டும், இன்னொரு தடவை வரிசை. உங்கள் ஊர் சென்னையோ காஞ்சிபுரமோ வேலூரோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு பினாங்கில் ஏறுங்கள். முசிறிக்காரர்களுக்கு யோசனை வேண்டும்.

இரண்டு, ஈப்போ. வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் விமான நிலையம். ஸ்கூட் விமானத்தில் சிங்கப்பூர், அங்கிருந்து திருச்சி. சாலையே இல்லை என்பதுதான் இதன் அழகு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பால் கொடுக்கவும் துணி மாற்றவும் நல்ல அறைகள் உண்டு. ஆனால் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்க வேண்டும், அதாவது காது இரண்டு தடவை வலிக்கும். இடையில் எத்தனை மணி நேரம் காத்திருப்பு என்பது வாங்கும் டிக்கெட்டைப் பொறுத்தது, அது நீளமாகவும் அமையலாம். அதுவும் தெற்கே போய்த் திரும்ப வடமேற்கே போகிற பயணம். வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போக எனக்குப் பிடித்த வழி இது. மூன்றரை மாதக் குழந்தைக்கு வேண்டாம்.

மூன்று, கேஎல்ஐஏவிலிருந்து திருச்சிக்கு நேரே. ஏர் ஏசியா நெடுநாளாகப் பறக்கும் தடம். சுமார் நான்கு மணி நேரம். திருச்சி விமான நிலையத்தில் 2024-இல் புது முனையம் திறந்த பிறகு இட நெருக்கடி குறைந்திருக்கிறது. இறங்கினால் ஒரு மணி நேரத்தில் முசிறி. குறை முழுவதும் இந்தப் பக்கம்தான். எங்கள் ஊரிலிருந்து கேஎல்ஐஏ கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர், நிற்காமல் போனாலே மூன்றரை மணி நேரம். குழந்தையோடு நிற்காமல் போகக்கூடாது. காடி (கார்) இருக்கையில் கைக்குழந்தையை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடத்தக்கூடாது, தலை முன்னால் சாய்ந்து மூச்சுக்குழாய் மடங்கும். தாப்பா ஓய்விடத்தில் ஒரு தடவை, ரவாங் பக்கம் ஒரு தடவை என்று நிறுத்தினால் ஐந்து மணி நேரம்.

தம்பி பினாங்குப் பக்கமே சாய்ந்தான். "இங்கேர்ந்து கிட்டக்க இருக்குல்ல?" என்றான். அவன் கணக்குப் போட்டது வீட்டு வாசலிலிருந்து விமானம் வரைக்கும். நான் கணக்குப் போட்டது வீட்டு வாசலிலிருந்து பாட்டி வாசல் வரைக்கும். சாலை எப்படியும் வரும், எந்தப் பக்கம் வேண்டும் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. இந்தப் பக்கம் என்றால் சொந்தக் காடி, 2020 ஜனவரி முதல் சட்டப்படி கட்டாயமான குழந்தை இருக்கை, தெரிந்த சாலை, தெரிந்த கிளினிக், குழந்தையும் தாயும் களைத்துப் போகாத நேரம். அந்தப் பக்கம் என்றால் வாடகைக் காடி, பின் இருக்கை பெல்ட் இருக்கை உறைக்கு அடியில் எங்கேயோ கிடக்கும், ஓட்டுநருக்கு அவசரம், தாய் இடுப்பு வலியில், குழந்தை அழுகையில். நீளமான சாலையை விமானத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் வேண்டுமானால் இரண்டாக உடைத்துக்கொள்ளலாம். விமானத்துக்குப் பின்னால் வரும் சாலையை உடைக்க முடியாது, ஏனென்றால் அங்கே நமக்குப் படுக்கப் பாய் இல்லை.

இதைச் சொன்னதும் தம்பி மனைவிதான் அடுத்த யோசனையைக் கொடுத்தார். "ரயில்ல போனா நான் பால் குடுத்துக்கிட்டே வருவேனே?" சரியான பேச்சு. ஈப்போவிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு இடிஎஸ் ரயில் இரண்டரை மணி நேரம். காடியில் பால் கொடுக்க வேண்டுமென்றால் நிறுத்தியே ஆக வேண்டும், ரயிலில் நிறுத்த வேண்டாம், கால் மரத்தால் எழுந்து நடக்கலாம். தையல் போட்ட வயிற்றுக்கு அது பெரிய விஷயம். கேஎல் சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு விரைவு ரயில் 28 நிமிடம், இரண்டாவது முனையத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம். அதோடு கோலாலம்பூரில், செந்தூலில் எங்கள் சித்தி வீடு இருக்கிறது. முதல் நாள் மத்தியானம் கிளம்பி, அங்கே ராத்திரி தூங்கி, மறுநாள் விமானம். பெட்டிகளை முன்கூட்டியே என் கணவர் காடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார். பணம் கொஞ்சம் கூட ஆகும், ஒரு நாள் கூட ஆகும். ஆகட்டும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. டிக்கெட் மலிவு என்று நள்ளிரவில் இறங்கும் விமானத்தை எடுக்காதீர்கள். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், அதனால் அங்கே கடிகாரம் இரவு பன்னிரண்டு காட்டும்போது உங்கள் உடம்புக்கு விடியற்காலை இரண்டரை. பகலில் இறங்கினால் ஏதாவது தேவை என்றால் மருந்துக்கடையாவது திறந்திருக்கும்.

மடியா, தனி இருக்கையா, தொட்டிலா என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு வயது வரை மடியில் வைத்துக்கொள்ளலாம், ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை. முழுச் சேவை நிறுவனங்கள் வழக்கமாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்கும், குறைந்த கட்டண நிறுவனங்கள் ஒரு நிலையான தொகை வாங்கும். சுவரில் மாட்டும் தொட்டில் பெரும்பாலும் முழுச் சேவை விமானங்களில்தான், அதுவும் ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் குலுங்கும்போதும் குழந்தையை எடுத்துவிடச் சொல்வார்கள். நான்கு மணி நேரத்துக்கு அது இல்லாமல் ஓட்டலாம், எட்டு மணி நேரப் பயணம் என்றால் வேறு பேச்சு. மிகவும் பாதுகாப்பானது தனி இருக்கை வாங்கிக் காடி இருக்கையில் கட்டுவது. பணம் இருக்கிறவர்கள் அதைச் செய்யுங்கள். மடியில் என்றால் பணிப்பெண் தரும் சின்ன பெல்ட்டைத் தாயின் பெல்ட்டில் கோத்துக் குழந்தைக்கு மாட்ட வேண்டும். ஒரே பெல்ட்டுக்குள் இரண்டு பேரையும் கட்டக்கூடாது, உங்கள் உடம்பே குழந்தையை நசுக்கிவிடும். மடிக்குழந்தைக்குத் தனிப் பெட்டி எடை பெரும்பாலும் கிடையாது, ஆனால் தள்ளுவண்டியும் காடி இருக்கையும் பெரும்பாலான நிறுவனங்களில் இலவசமாகப் போகும். காடி இருக்கையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். திருச்சியிலிருந்து முசிறி வரை அந்த ஒரு மணி நேரத்துக்கு அது வேண்டும். அழைக்க வரும் காடியில் பின் பெல்ட் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

தாள்கள் விஷயத்தில் தம்பி அசட்டையாக இருந்தான். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. கடப்பிதழ் (பாஸ்போர்ட்) குடிநுழைவுத் துறையில், 100 வெள்ளி (ரிங்கிட்), குழந்தையை நேரில் கொண்டுபோக வேண்டும். இந்திய இ-விசா குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும், தகப்பனுடையதில் சேராது. கடப்பிதழ் கையில் வந்த பிறகுதான் விசாவுக்கு எழுத முடியும், அதனால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகரும். கஷ்டமெல்லாம் படம் எடுப்பதில். வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும், யார் கையும் தெரியக்கூடாது. வெள்ளைத் துணியைப் படுக்கையில் விரித்து, பால் குடித்துக் கால் மணி நேரம் ஆனதும் மேலிருந்து எடுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது குழந்தைக்கு எத்தனை நாள் வயதிலிருந்து செல்லும் என்று கேட்டு வாங்குங்கள். பிறந்த முதல் சில வாரங்களைப் பல திட்டங்கள் சேர்ப்பதில்லை. நான் துறையூர் போனபோது எடுக்கவே இல்லை.

கடைசியாக இந்தக் குழந்தைக்கு மட்டும் உரிய ஒன்று இருக்கிறது, உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நம் மருத்துவமனைகளில் பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று சோதனை செய்வார்கள். தம்பி மகனுக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். மற்றபடி ஆரோக்கியமான பிள்ளை. ஆனால் சில பொருள்கள் பட்டால் அவன் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வந்துவிடும், பச்சைக் குழந்தைக்கு அது மூளை வரை போகும் ஆபத்து. அதில் முதல் பொருள் அந்துருண்டை. நினைத்துப் பாருங்கள், ஊரில் பேரன் வருகிறான் என்றால் என்ன செய்வார்கள்? பீரோவில் பல வருடமாக அந்துருண்டை போட்டு வைத்த நல்ல சேலையை எடுத்து அதிலேயே தொட்டில் கட்டுவார்கள். அதேபோல் அங்கே எந்த மருத்துவரிடம் போனாலும், மருந்துக்கடையில் எதை வாங்கினாலும், வாயைத் திறந்ததும் இந்தக் குறைபாட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கிளினிக் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தம்பி, தம்பி மனைவி, நான் என்று மூன்று பேர் கைப்பேசியிலும் வைத்திருக்கிறோம்.

மூன்றாம் மாத ஊசிக்குக் கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) தேதி எழுதிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பதினாறாம் நாள், பகல் விமானம், திருச்சிக்கு நேரே. பார்க்க வருகிறவர்கள் கைகழுவிவிட்டுத் தூக்க வேண்டும், முத்தம் வேண்டாம், சளி இருப்பவர்கள் வாசலிலிருந்தே பார்க்கட்டும் என்று ஒரு மகள் தன் வீட்டாரிடம் சொல்வது எளிதல்ல. தம்பி மனைவி நேற்றுச் சாயங்காலம் அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை. பீரோவிலிருந்து அந்துருண்டையை எல்லாம் எடுத்து வெளியே கொட்டச் சொல்லிவிட்டாராம். தொட்டிலுக்குப் புதிதாக ஒரு நூல் சேலை வாங்கி, இரண்டு தடவை அலசி, மாடிக் கொடியில் போட்டிருக்கிறதாம். கைப்பேசியைத் திருப்பி அதைக் காட்டினார்.